கைக்குழி இறுகிப்போன தோளும் தங்கச்சிமடத்து மாடிப் பிசியோவும்

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். முட்டிவலிக்காரர்களும் இடுப்புவலிக்காரர்களும் வருகிற பிசியோதெரபி இடத்தை யாராவது மாடியில் வைப்பார்களா? 19 படி, எண்ணிப் பார்த்திருக்கிறேன். கைப்பிடி ஒரு பக்கம்தான், அதுவும் எனக்கு வலிக்கிற கைப் பக்கம். முதல் நாள் ஏறும்போதே, இதைக்கூட யோசிக்காத ஆளிடமா தோளைக் கொடுக்கப் போகிறோம் என்றுதான் நினைத்தேன். இரண்டரை மாதத்தில் 14 தடவை அந்தப் படியை ஏறி இறங்கிவிட்டு இப்போது இதை எழுதுகிறேன்.

இடம் தங்கச்சிமடத்தில், மெயின் ரோட்டிலேயே. பெயரை எழுதவில்லை. எழுதட்டுமா என்று அந்தப் பிசியோ பிள்ளையிடம் கேட்டேன், "வேண்டாம்க்கா, இருக்கிறதே ரெண்டு கட்டில், வர்றவங்களையே பார்த்து முடியல" என்று சொல்லிவிட்டாள். பஸ் நிற்கிற இடத்தில் கையால் பார்க்கிற பிசியோ பிள்ளை எங்கே என்று கேட்டால் காட்டிவிடுவார்கள். என் மூத்த மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும் அவளுக்கு, அதனால் அவள் இவள் என்றே எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாள்.

நான் பாம்பனில் வீட்டோடு தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 49, சர்க்கரை எட்டு வருடமாக இருக்கிறது. போன அக்டோபரில் இடது தோளில் ஏதோ குத்துகிற மாதிரி ஆரம்பித்தது. தையல்காரிக்குத் தோள்வலி வராமல் வேறு யாருக்கு வரும் என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன், கிறிஸ்துமஸ் துணி குவிகிற நேரம் வேறு. டிசம்பர் பாதியில் தலை பின்ன முடியவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொக்கி மாட்ட முடியாமல் மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது, அவள் காலேஜ் போன நாளில் பக்கத்து வீட்டு அக்காவை. மேல் தட்டில் இருக்கும் நூல்கண்டை எடுக்க ஸ்டூல் போட்டு ஏறினேன். ராத்திரி அந்தப் பக்கம் புரண்டுவிட்டால் அவ்வளவுதான், எழுந்து உட்கார்ந்து கடல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு விடிய வைக்க வேண்டியதுதான்.

ராம்நாட்டுக்கு, ராமநாதபுரத்துக்குத்தான், எலும்பு டாக்டரைப் பார்க்கப் போனோம். பஸ் பாலத்தில் ஏறும்போது பக்கத்தில் புது ரயில் பாலம் தெரிந்தது. கப்பல் வந்தால் நடுவில் இருக்கும் 72.5 மீட்டர் துண்டை அப்படியே 17 மீட்டர் உயரத்துக்குத் தூக்குகிறார்கள், என் ஒரு கை தோள் மட்டத்துக்கு ஏறவில்லையே என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அது 2025-ல திறந்தது, உனக்கு 49 வருஷம் ஆச்சுல்ல" என்கிறார். இந்த மனிதரிடம் வேறு எதை எதிர்பார்ப்பது.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார், எலும்பில் ஒன்றும் இல்லை. ஃப்ரோசன் ஷோல்டர், தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் உறை இறுகிப்போவது, சர்க்கரைக்காரர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் வரும் என்றார். மூட்டுக்குள் ஊசி போடலாம், ஆனால் சில நாளைக்குச் சர்க்கரை ஏறும், பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். எனக்கு ஊசி என்றதுமே பயம். சரி, மாத்திரை சாப்பிடுங்கள், பிசியோ போங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

இதற்கு நடுவில் இரண்டு இடத்துக்குப் போனேன், இரண்டின் பெயரும் வேண்டாம். முதல் இடத்தில் கரண்ட் வைத்தார்கள். நம் ஊரில் பிசியோ என்றாலே கரண்ட் வைக்கிறது என்றுதானே பேர். நாலு பேட் ஒட்டி, ஈர ஸ்பாஞ்சு வைத்து, சுளீர் சுளீர் என்று எறும்பு ஊருவது போல 15 நிமிடம், டிவியில் சீரியல். பத்து நாள் போனேன், பத்து நாளும் ஒருவர்கூட என் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கவில்லை. வலி ஒரு மணி நேரம் மறந்திருக்கும், பஸ் பாம்பன் வருவதற்குள் திரும்பிவிடும். மிஷினைக் குறை சொல்லவில்லை, அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது. ஆனால் இறுகிப்போன மூட்டை அது வந்து திருப்பிவிடாது.

இரண்டாவது, நாத்தனார் கூட்டிப்போன சுளுக்கு எடுக்கிறவர். எங்கள் பக்கம் இது வழக்கம்தான், இடுப்பு பிடித்துக்கொண்டால் கால் முதலில் வெளியே வந்து பிறந்த ஆளைத் தேடிப்பிடித்து மிதிக்கச் சொல்வார்கள், எங்கள் அம்மாச்சி சொல்லி நானே மிதித்திருக்கிறேன், நான் அப்படிப் பிறந்தவளாம். இவர் பார்த்தவுடனே "கும்பவாதம்" என்றார், சித்த வைத்தியத்தில் இந்த நோய்க்கு அதுதான் பேர், அதில் தப்பில்லை. அப்புறம்தான் தப்பு. கையைப் பிடித்துக்கொண்டு ஊர்க் கதை பேசிக்கொண்டே இருந்தவர், நான் அசந்த நேரம் பார்த்து வெடுக்கென்று மேலே இழுத்தார். எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. கடக் என்று சத்தம் கேட்டதா, உறை பிரிந்துவிட்டது என்று சிரிக்கிறார். நாலு ராத்திரி தூக்கமில்லை. முறையாகச் சித்த வைத்தியம் படித்தவர்கள் செய்கிற தொக்கணம் என்பது வேறு, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பது வகை சொல்லி எதை யாருக்குச் செய்யலாம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். இவரிடம் ஒரே வகைதான் இருந்தது.

இப்படி அடிபட்டு வந்தவளிடம் முதல் நாள் அந்தப் பிள்ளை இருபத்தைந்து நிமிடம் தொடவே இல்லை. கேள்விதான். எப்போது ஆரம்பித்தது, ராத்திரி எத்தனை தடவை விழிப்பு வருகிறது, கை மரத்துப்போகிறதா, விரல் வரைக்கும் இழுக்கிறதா, காரணமில்லாமல் உடம்பு இளைத்ததா, ராத்திரியில் காய்ச்சல் வேர்வை உண்டா, கடைசியாக மூன்று மாதச் சர்க்கரை எவ்வளவு. இடது தோள் என்பதால் படி ஏறும்போது வலி கூடுகிறதா, நெஞ்சு அடைக்கிறதா, தாடைக்கு ஏறுகிறதா என்று தனியாகக் கேட்டாள். தோள் என்று வருகிற எல்லா வலியும் தோளில் பிறந்தது இல்லையாம், இதயமும் இடது தோளில் வந்து வலிக்கும், கழுத்து நரம்பும் வலிக்கும். 19 படி ஏறி வந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிரிப்பு வந்தது, ஆனால் இதுவரை யாரும் கேட்காத கேள்வி.

அப்புறம் அளவு எடுத்தாள். இந்த இடத்தில்தான் எனக்கு அவளைப் பிடித்துப்போனது. இரண்டு பிளாஸ்டிக் ஸ்கேலை ஒரு ஆணியில் கோத்த மாதிரி ஒரு கருவி, நடுவில் வட்டமாகக் கோண அளவு. முழங்கையை இடுப்போடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் கதவைத் திறக்கிற மாதிரி திருப்பச் சொன்னாள். வலது கை 75 டிகிரி போனது. இடது கை 10. கையைத் தளர விடச் சொல்லிவிட்டு அவளே பிடித்து மெதுவாகத் திருப்பினாள், அப்போதும் அதே 10. "இதுதான்க்கா பார்க்கணும்" என்றாள். தசை கிழிந்திருந்தால் நான் தூக்க முடியாத கையை இன்னொருவர் தூக்கிவிட முடியுமாம், மூட்டு உறையே இறுகியிருந்தால் யார் தூக்கினாலும் ஒரே இடத்தில் முட்டி நிற்குமாம். முன்னால் தூக்குவது 85, பக்கவாட்டில் 65, பின்னால் கொண்டுபோனால் கட்டைவிரல் பிட்டத்தோடு சரி. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் 27 வருடமாக இஞ்ச் டேப் பிடிக்கிறவள், கண்ணால் பார்த்தே அளவு சொல்லிவிடுவேன் என்கிற தையல்காரரை நம்பக்கூடாது என்று எனக்குத் தெரியும்.

நோய் என்னவென்று அவள் சொன்ன விதத்தையும் எழுதிவிடுகிறேன், இதே தொல்லை இருக்கிற யாருக்காவது உதவும். நான் தையல்காரி என்று தெரிந்ததும், "அக்கா, கைக்குழி டைட்டா தைச்ச பிளவுஸ் போட்டா என்ன ஆகும்?" என்றாள். கை தூக்க முடியாது, தூக்கினால் மொத்த பிளவுஸும் கூடவே ஏறும். அதேதானாம். தோள் மூட்டின் உறைக்குக் கீழே, அக்குள் பக்கம், கொஞ்சம் துணி விட்டுத் தைத்த மாதிரி தொளதொளவென்று ஒரு மடிப்பு இருக்கிறது, கை தூக்கும்போது அந்த மடிப்பு விரிந்து இடம் கொடுக்கும். புண்ணாகி வீங்கி ஆறும்போது அந்த மடிப்பு ஒட்டிச் சுருங்கிவிடுகிறது. அதனால்தான் கையைத் தூக்கும்போது தோள்பட்டை எலும்பும் சேர்ந்து காதுவரை ஏறுகிறது, பிளவுஸ் ஏறுகிற மாதிரி. கண்ணாடியில் காட்டினாள், அச்சு அசல். இத்தனை வருடத்தில் எத்தனை பேருக்குக் கைக்குழி பிரித்துத் தைத்திருப்பேன். இதைப் பிரித்துத் தைக்க முடியாது, நாள் கணக்கில் இழுத்து இழுத்துத்தான் விட வேண்டும். டைட்டான தையலை ஒரே இழுப்பாக இழுத்தால் என்ன ஆகும் என்று நான் அவளுக்குச் சொல்லத் தேவையில்லை, அதைத்தான் அந்தச் சுளுக்குக்காரர் செய்து வைத்திருந்தார்.

வைத்தியம் எப்படி என்றால், முதலில் பத்து நிமிடம் சூடான ஒத்தடப் பை. பிறகு மல்லாந்து படுக்கவைத்து, தோளுக்குக் கீழே துண்டைச் சுருட்டிக் கொடுத்து, ஒரு கையால் என் முழங்கையைத் தாங்கிக்கொண்டு இன்னொரு கையின் அடிப்பகுதியைத் தோள் பந்துமேல் வைப்பாள். தைலம் கிடையாது, எண்ணெய் கிடையாது, வழுக்கினால் பிடி போய்விடும் என்பாள். நகம் ஒட்ட வெட்டியிருக்கும். அப்புறம் அந்தப் பந்தை உள்ளே, பின்பக்கமாக, மெல்ல ஆட்டுவாள். கை அசைவதே தெரியாது. ஒரு நொடிக்கு இரண்டு ஆட்டம் இருக்கும், கரையில் கட்டிப்போட்ட வள்ளம் சின்ன அலையில் ஆடுகிற மாதிரி. அரை நிமிடம், நிறுத்தம், மறுபடி அரை நிமிடம். முதல் மூன்று தடவையும் இவ்வளவுதான் நடந்தது. எனக்கு ஒரே எரிச்சல், 300 ரூபாய் கொடுத்துத் தாலாட்டு வாங்கிக்கொண்டு போகிறோமே என்று. கேட்டும்விட்டேன்.

"நாலு படி இருக்குக்கா. ஒண்ணு ரெண்டு வலியை அடக்க. மூணு நாலு இறுக்கத்தை எடுக்க. உங்க தோள் இப்ப கோவத்துல இருக்கு, கோவமா இருக்கிறவங்ககிட்ட மொதல்ல மெதுவா பேசணும்ல" என்றாள். இந்தப் படிக்கணக்கை வகுத்தவர் ஜெஃப்ரி மெயிட்லண்ட் என்ற ஆஸ்திரேலியா பிசியோவாம். ஐந்தாவது படி என்று ஒன்றும் இருக்கிறது, வெடுக்கென்று ஒரே தள்ளு, சத்தம் வருவது அதில்தான். அது சில மூட்டுக்கு, சில பேருக்கு, எனக்கு இல்லை. சத்தம் என்பது மூட்டுத் தண்ணீரில் உண்டாகும் காற்றுக் குமிழ் சமாச்சாரம், எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்த சத்தம் இல்லை என்றும் சொன்னாள். அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், நாத்தனாருக்கு ரொம்ப ஏமாற்றம்.

நாலாவது தடவையிலிருந்து தாலாட்டு முடிந்தது. கை எங்கே முட்டி நிற்கிறதோ அந்தக் கடைசி இடம்வரை கொண்டுபோய், அங்கே வைத்து ஆட்டுவாள். பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டிய வலி, ஆனால் அந்தச் சுளுக்குக்காரர் கொடுத்த வலி மாதிரி இல்லை, எப்போது கேட்டாலும் நிறுத்துவாள் என்று தெரிந்த வலி. பத்துக்கு எத்தனை என்று கேட்டுக்கொண்டே இருப்பாள், ஐந்தைத் தாண்டினால் கை பின்வாங்கிவிடும். இதையெல்லாம்விட மோசமானது அக்குளுக்குள்ளே. தோள்பட்டை எலும்பின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஒரு தசையை விரல் நுனியால் தேடிப்பிடித்து அப்படியே அழுத்திக்கொண்டு நிற்பாள், தேய்ப்பதில்லை. முதல் தடவை நான் மாதாவைக் கூப்பிட்ட சத்தத்தில் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் "என்ன ஆச்சு?" என்று எழுந்துவிட்டார். ஒரு நிமிடம் கழித்து அந்த முடிச்சு விரலுக்கு அடியில் இளகுவது எனக்கே தெரிந்தது. உடனே அளந்தாள், 10 டிகிரியில் கிடந்த கதவு 22-க்கு வந்திருந்தது. மறுநாள் 16-க்குத் திரும்பிவிடும், அதுவும் சொல்லியே அனுப்பினாள்.

கடைசி ஐந்தாறு தடவை பெல்ட். அவள் இடுப்பைச் சுற்றி ஒரு அகலமான பெல்ட், அதன் மறுமுனை என் மேல்கையைச் சுற்றி. அவள் பின்னால் லேசாகச் சாய்ந்து மூட்டை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்வாள், நான் கையைத் தூக்க வேண்டும். நியூசிலாந்துக்காரர் பிரையன் மல்லிகன் கொண்டுவந்த முறையாம், அவர்கள் அசைத்துக் கொடுக்கும்போதே நாமும் அசைக்க வேண்டும், வலித்தால் இழுக்கிற திசையை மாற்றுவாள். வலிக்காத திசை கிடைத்ததும் கை தானாக ஏறுகிறது பாருங்கள், அது ஒரு அதிசயம் மாதிரிதான் இருந்தது. மாடு கட்டின மாதிரி நாங்கள் இரண்டு பேரும் கட்டுண்டு நிற்பதை என் மகள் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள்.

ஒரு மாதாந்திரப் பராமரிப்பு நாளில் போனேன், காலையிலிருந்து கரண்ட் இல்லை. ஃபேன் ஓடவில்லை, வேர்த்து ஊற்றியது, ஒத்தடப் பைக்குப் பதில் கேஸ் அடுப்பில் வெந்நீர் வைத்துத் துண்டை நனைத்துப் போட்டாள், வைத்தியம் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. ஆனால் அவள் கைக்கும் விலை இருக்கிறது. இடது கட்டைவிரலில் ஒரு பட்டை போட்டிருந்தாள் அன்று. பிசியோக்களுக்குக் கட்டைவிரல் மூட்டுத் தேய்மானம் தொழில் நோய் என்றாள், அதனால்தான் கட்டைவிரலால் அழுத்தாமல் உள்ளங்கை அடியாலும் முழங்கையாலும் அழுத்தப் பழகிக்கொள்கிறார்களாம். எனக்குக் கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்துக் கட்டைவிரலில் காய்ப்பு இருக்கிறது, அதைக் காட்டினேன், இரண்டு பேரும் கொஞ்ச நேரம் விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெஞ்சில் காத்திருக்கும்போது சின்னப்பாலத்து அக்கா ஒருவர் அடிக்கடி வருவார், கடல்பாசி எடுக்கிறவர். மூச்சைப் பிடித்துத் தண்ணீருக்குள் போய்ப் பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து எடுக்கிற வேலை, விரலில் எல்லாம் துணி சுற்றிய தழும்பு. கழுத்தும் நடுமுதுகும் பிடித்துக்கொண்டு திரும்ப முடியாமல் வந்தவர். அவருக்கு இரண்டே தடவை முதுகில் கை வைத்தாள், மூன்றாவது தடவை கையே வைக்கவில்லை. ஈரப் பாசி நிறைந்த சாக்கைத் தலைக்கு எப்படி ஏற்றுகிறீர்கள், செய்து காட்டுங்கள் என்று ஒரு தலையணை உறைக்குள் மணல் மூட்டையைப் போட்டுக் கொடுத்தாள். ஒரே இழுப்பாகத் தூக்கித் திருகி ஏற்றினார் அந்த அக்கா. "இங்கதான்க்கா இருக்கு வலி, முதுகுல இல்ல" என்று சொல்லி, முதலில் முட்டி மடக்கித் தொடைக்கு, தொடையிலிருந்து ஆள் உதவியோடு தலைக்கு என்று பழக்கிவிட்டாள். "ஆளு எங்க தாயி கிடைக்கும் கடலுக்குள்ள" என்று அந்த அக்கா கேட்டதற்கு அவளிடம் பதில் இல்லை. சாக்கைப் பாதியாக நிரப்பி இரண்டு நடையாக வாருங்கள் என்றாள், சரி என்று போனார். இரண்டு நடை நடக்கிறாரா என்று எனக்குத் தெரியாது.

இன்னொரு நாள் ஒரு பெரியவர், முட்டி பந்து மாதிரி வீங்கி, தொட்டால் சுடுகிறது, முந்தின நாளிலிருந்து காய்ச்சல். கூட வந்த பையன் கொஞ்சம் நீவி விடுங்கள் என்று கெஞ்சுகிறான். அவள் கையே வைக்கவில்லை. ஒரே மூட்டு, சூடு, வீக்கம், காய்ச்சல் நாலும் சேர்ந்தால் மூட்டுக்குள் சீழ் இருக்கலாம், நீவினால் கெடுதல் என்று ஒரு தாளில் எழுதி, நேரே ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், இன்றைக்கே, என்று ஆட்டோ பிடித்துக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை. பையன் முணுமுணுத்துக்கொண்டே போனான்.

சரி, மற்ற குறைகள். ஐந்து மணிக்கு வரச் சொன்னால் ஆறேகாலுக்குத்தான் கட்டில் கிடைக்கும், போன் செய்தால் எடுக்க மாட்டாள், கை வேலையில் இருக்கும். இரண்டு கட்டிலுக்கு நடுவில் ஒரு பச்சைத் திரைதான், அடுத்தவர் வீட்டுக் கதை முழுக்க நம் காதில், நம் கதை அவர் காதில். பெண்களுக்கு அவளேதான் பார்க்கிறாள், அந்த நேரம் ஆண்களை உள்ளே விடுவதில்லை, அது நல்லது, ஆனால் முன்பக்கம் திறக்கிற நைட்டியோ தொளதொள சட்டையோ நாம்தான் கொண்டுபோக வேண்டும், புடவையில் போய் முதல் நாள் அவஸ்தைப்பட்டேன். அப்புறம் அந்த நீல டேப். தோளில் இழுத்து ஒட்டுகிற ரப்பர் மாதிரி டேப், அதற்குத் தனியாக 150 ரூபாய். எங்கள் ஊர் வேர்வையில் இரண்டாம் நாளே ஓரம் கழன்று நைட்டியில் ஒட்டிக்கொண்டது, ஒரு பலனும் தெரியவில்லை. அடுத்த தடவை வேண்டாம் என்றேன், "சரிக்கா, பெரிய வித்தியாசம் இல்லதான்" என்று அவளே ஒத்துக்கொண்டாள். அப்புறம் ஏன் ஒட்டினாய் தாயி?

வீட்டுப் பாடம் உண்டு, அதைச் செய்யாமல் போனால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். குனிந்து நின்று அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் ஆட்டுவது, சுவரில் விரலால் நண்டு மாதிரி ஏறுவது, படுத்துக்கொண்டு ஒரு குச்சியை இரண்டு கையிலும் பிடித்து வலது கையால் இடது கையை வெளியே தள்ளுவது. குச்சிக்கு என் மர அடிக்கோலையே எடுத்துக்கொண்டேன். சுவரில் நண்டு எங்கே நின்றதோ அங்கே மார்க்கிங் சாக்பீஸால் கோடு போட்டுவிடுவேன், கட்டிங் டேபிளுக்குப் பின்னால் இன்னும் அந்தக் கோடுகள் ஏணி மாதிரி இருக்கின்றன. ஒரு நாளைக்கு மூன்று தடவை, பத்து நிமிடம். செய்துமுடித்த வலி ஒரு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும், அடங்காமல் ராத்திரிக்கும் தங்கினால் மறுநாள் பாதியாகக் குறைக்க வேண்டும், இதுதான் சட்டம். உண்மையைச் சொன்னால் வாரத்தில் இரண்டு மணி நேரம் அவள் கையில் இருந்தேன், மிச்ச நேரமெல்லாம் அந்த அடிக்கோலும் சாக்பீஸும்தான்.

14-வது தடவை நோட்டை எடுத்து முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் வைத்தாள். கதவு திறப்பது 10-லிருந்து 48. முன்னால் தூக்குவது 85-லிருந்து 150. பின்னால் கட்டைவிரல் இடுப்புக்கு மேல் ஒரு ஜாண் ஏறியிருக்கிறது. தலை நானே பின்னுகிறேன். ராத்திரித் தூக்கம் வந்துவிட்டது, அதுதான் பெரிய விஷயம். கொக்கி மட்டும் இன்னும் எட்டவில்லை, முன்னால் மாட்டிப் பின்னால் திருப்பிக்கொள்கிறேன். இனி வாரா வாரம் வர வேண்டாம், வீட்டிலேயே செய்யுங்கள், ஆறு வாரம் கழித்து அளக்க மட்டும் வாருங்கள் என்றாள். இன்னும் பத்து தடவை வந்தால் சீக்கிரம் சரியாகுமா என்று கேட்டேன். இந்த நோய் ஒரு வருடம், இரண்டு வருடம், சில பேருக்கு மூன்று வருடம்வரை இழுத்துத் தானாகவும் இளகும்க்கா, உங்களுக்கு இளகுற நேரம் வந்திருக்கு, அதுல என் கை எவ்வளவு, நேரம் எவ்வளவுன்னு என்னாலயே பிரிச்சுச் சொல்ல முடியாது என்றாள். காசு வருகிற வாயால் இதைச் சொல்கிற ஆளை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில தகவல். முதல் நாள் 400, அப்புறம் தடவைக்கு 300, ஜிபே உண்டு, கேட்டால்தான் ரசீது. முதல் நாளே டாக்டர் சீட்டு, எக்ஸ்ரே, சர்க்கரை ரிப்போர்ட் எல்லாம் கொண்டுபோங்கள். அவள் பிசியோதெரபி பட்டப்படிப்பான பி.பி.டி. நாலரை வருடம் படித்து அதற்கு மேல் இரண்டு வருடம் மேற்படிப்பு எம்.பி.டி.யும் முடித்தவள், சான்றிதழ் சுவரில் இருக்கிறது. எங்கே போனாலும் அதைப் பார்த்துவிட்டுப் படுங்கள். விசைப்படகு கடலுக்குப் போகிற திங்கள், புதன், சனி சாயங்காலம் கூட்டம் குறைவு. படகு கரைக்கு வந்த மறுநாள் போனால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பெஞ்சு ஆள் இருப்பார்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் போகவே போகாதீர்கள், வருடம் முழுக்கச் சேர்த்துவைத்த வலியை எல்லாம் அந்த 61 நாளில்தான் கொண்டுவருவார்கள். படி ஏறவே முடியாதவர்கள் வீட்டில் இருந்தால் மக்களைத் தேடி மருத்துவம் ஆட்களிடம் சொல்லிப் பாருங்கள், 2021-லிருந்து அரசுப் பிசியோ வீட்டுக்கே வருகிறார்கள். படுக்கையில் இருந்த என் மாமியாருக்கு வந்து செய்தார்கள், காசில்லை.

போன வாரம் அவள் இரண்டு சுடிதார் துணியைக் கொடுத்தனுப்பினாள். வேலை செய்யும்போது கையைத் தூக்கித் தூக்கி அக்குளில் தையல் விட்டுப்போகிறதாம். கைக்குழியில் அரை இஞ்ச் கூட விட்டு, அக்குளில் ஒரு சின்ன சதுரத் துண்டு வைத்துத் தைத்திருக்கிறேன், இனி கிழியாது. இலவசமாகத் தைத்தேனா என்று வீட்டுக்காரர் கேட்டார். கூலி வாங்கினேன், முழுசாக. அவளும் என்னிடம் முழுசாகத்தானே வாங்கினாள், அந்த டேப்புக்கு 150 ரூபாய் உட்பட.